வேலை, வீடு, பறவைகள், நடுவே சிறார் கதை: புதிதாக எழுத வருபவர்களுக்கு ஒரு கணக்காளரின் வழிகாட்டி

பெருந்துறையில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு ஈரோட்டில். கணவர், மாமியார், இரண்டு குழந்தைகள். ஞாயிறு விடியலில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு வெள்ளோடு ஏரிக்குப் போகும் பழக்கமும் உண்டு. இத்தனைக்கும் நடுவே 2019இல் சிறுவர் கதை எழுதத் தொடங்கினேன். முதல் புத்தகம் கைக்கு வர நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதில் எழுதியதற்குச் செலவான காலம் பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் தவறான நாளில் தவறான வேலையைச் செய்ததிலும், வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதிலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதிலும் கரைந்தது.

குழந்தைக் கதைதானே, அரைப் பக்கம்தானே, சமையலுக்கு நடுவில் எழுதிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். அரைப் பக்கம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அரைப் பக்கத்தைப் பத்துத் தடவை திரும்பத் தொட வேண்டும். நீண்ட நேரம் கேட்காது. அடிக்கடி வரும் நேரம் கேட்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு தேவைக்காகத்தான்.

1. ஒரு வாரத்துக்கு நேரக் கணக்கு எழுதுங்கள்

கதை எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். திங்கள் முதல் ஞாயிறு வரை, கால் மணி நேரத்துக்கு ஒரு வரி. என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு வேண்டாம். வாரக் கடைசியில் கூட்டுங்கள்.

என் கணக்கில் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்து 9 மணி 15 நிமிடம் போயிருந்தது. அதை அப்படியே கதைக்கு மாற்றலாம் என்று குதித்தேன். அதுதான் முதல் பொறி. அந்த ஒன்பது மணி நேரம் முழுவதும் இரவு ஒன்பதரைக்குப் பிறகு, கால்கள் கழன்று விழுகிற நேரத்தில் இருந்தது. அப்போது எழுதிய மூன்று கதைகளிலும் எல்லாப் பாத்திரங்களும் சீக்கிரமே தூங்கப் போய்விட்டன.

ஆகவே மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள், விழித்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். எனக்கு அகப்பட்டவை இரண்டு: காலை 5.10 முதல் 5.50 வரை, வாரத்தில் நான்கு நாள். பிறகு பெருந்துறை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் முக்கால் மணி நேரம். காலை நேரம் எழுதுவதற்கு, பஸ் நேரம் திருத்துவதற்கு. பஸ்ஸில் புதிதாக எழுத முடியாது. முயன்று பார்த்துவிட்டேன், நம் தோளுக்கு மேல் எட்டிப் படிக்காத ஈரோட்டுக்காரர் இன்னும் பிறக்கவில்லை.

2. வீட்டில் வெளிப்படையாகப் பேசி வாங்குங்கள்

முதல் ஆறு மாதம் நான் திருட்டுத்தனமாக எழுதினேன். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எழுதுவதாக எனக்கு நினைப்பு. வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், அடுப்பில் பால் பொங்கி வழிவதும் நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பதும்தான். ஒரு நாள் அத்தை கேட்டார்: "உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா கண்ணு?" அன்றைக்குத்தான் சொன்னேன்.

சொன்னபோது தெரிந்தது, அவர் நான்கரை மணிக்கே விழித்துப் படுத்திருப்பவர். காலைப் பாலை அவர் ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு ஞாயிறு மதியச் சமையல் முழுக்க என் பொறுப்பு. கணவர் பிள்ளைகளின் பள்ளிப் பையைப் பார்த்துக்கொள்வார். பதிலுக்கு அவருடைய புதன்கிழமை இரவு இறகுப்பந்தை நான் தடுப்பதில்லை. இப்படிக் கொடுக்கல் வாங்கலாகப் பேசுங்கள். "எனக்கு நேரமே கிடைப்பதில்லை" என்று அழுதால் அனுதாபம் வரும், நேரம் வராது.

பேசும்போது மூன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை மாதத்துக்கு. நான் முதலில் மூன்று மாதம் கேட்டேன். முடிந்ததும் மறுபடி பேசினோம். தேர்வு மாதங்களில் தானாகவே நிறுத்தி வைப்பு என்றும் முடிவாயிற்று.

3. அலுவலக நாட்காட்டியை முதலில் மாட்டுங்கள், கதையைப் பிறகு

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மூச்சு உண்டு. கணக்கு வேலையின் மூச்சு இது: 7ஆம் தேதி பிடித்த வரியைக் கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனை விவரம், 15ஆம் தேதி வைப்பு நிதியும் ஈஎஸ்ஐயும், 20ஆம் தேதி மாத ஜிஎஸ்டியைக் கட்டும் 3பி படிவம். ஆக முதல் இருபது நாளும் யாராவது ஒருவர் என் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். 21 முதல் மாதக் கடைசி வரை கொஞ்சம் காற்று வரும். புதுக் கதைகளை அந்த ஒன்பது பத்து நாட்களில்தான் தொடங்குவேன். முதல் இருபது நாளில் திருத்தம் மட்டும். மார்ச், ஏப்ரலில் பேனாவையே தொடுவதில்லை. குற்ற உணர்ச்சியும் இல்லை. கணக்கு முடிக்கும் மாதத்தில் கடவுளே வந்து கதை கேட்டாலும் மே மாதம் வரச் சொல்வேன்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால் காலாண்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்தம். செவிலியராக இருந்தால் இரவுப் பணி சுழற்சி. அதை ஓராண்டுக்கு முன்கூட்டியே சிவப்பு மையில் குறித்துவிடுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். அலுவலகக் கணினியிலும் அலுவலக மின்னஞ்சலிலும் கதையை வைக்காதீர்கள். நான் உணவு இடைவேளையில் தட்டச்சு செய்த ஏழு கதைகள், கணினி மாற்றியபோது ஒரே பிற்பகலில் போயின. போனதோடு சரி, அதைவிட மோசமாகவும் ஆகலாம். வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். உங்கள் முயல் கதை ஜவுளி வேலையின் பகுதி ஆகாதுதான். ஆனால் அந்த வாதத்துக்கே இடம் கொடுப்பானேன்? பணி நியமனக் கடிதத்தில் வேறு வருமானம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

அரசு ஊழியர்களுக்கு: மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், பணிக்கு இடையூறில்லாமல் எப்போதாவது செய்யும் இலக்கியப் பணியை முன் அனுமதியின்றிச் செய்ய இடம் தருகின்றன. தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தனி விதிகள் இருக்கின்றன. புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்பே அலுவலகத் தலைமைக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "அதெல்லாம் எழுதலாம் சார்" என்று சொன்னவர் அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போயிருப்பார்.

4. கதை வேலையைத் துண்டு போடுங்கள்

"இன்று கதை எழுத வேண்டும்" என்று நோட்டில் எழுதினால் எதுவும் நடக்காது. நாற்பது நிமிடத்தில் முடியும் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். என் முறை இது.

முதல் நாள்: யார், அவனுக்கோ அவளுக்கோ என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது. மூன்று வரி. அதற்கு மேல் எழுதத் தோன்றினாலும் நிறுத்திவிடுவேன். இரண்டாம், மூன்றாம் நாட்கள்: நிறுத்தாமல் முழுக்க எழுதுதல், கையால். நான்காம் நாள் தொடுவதில்லை. ஐந்தாம் நாள் பஸ்ஸில் படித்து, இல்லாமலே கதை நிற்கும் என்ற வரிகளை அடித்தல். முதல் பத்தி பெரும்பாலும் போய்விடும். "ஓர் அழகிய கிராமத்தில்" என்று தொடங்கும் பத்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். பிறகு தட்டச்சு. பிறகு வாய்விட்டு வாசித்தல். அதன் பிறகுதான் உண்மையான திருத்தம் ஆரம்பமாகும்.

வயதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் மொழி தடுமாறும். அளவுக்கு ஒரு பிடி வேண்டுமானால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற சிறார் கதைத் தளத்தில் உள்ள நான்கு வாசிப்பு நிலைகளைப் பாருங்கள்: முதல் நிலை 250 சொற்கள் வரை, இரண்டாவது 250 முதல் 600, மூன்றாவது 600 முதல் 1,500, நான்காவது அதற்கு மேல். தமிழில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "ஓடிக்கொண்டிருந்தவர்களையும்" என்பது நமக்கு ஒரே சொல்; ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு சரக்கு ரயில். சொற்களை எண்ணுவதோடு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் நீளச் சொற்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். முதல் நிலைக் கதையில் அப்படி ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் நான் உடைத்துவிடுவேன்.

தட்டச்சு ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்துவிட்டுப் பிறகு மாற்றினால் "ஸ்ரீ", "கௌ" போன்றவை சிதைந்து, ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டி வரும். எனக்கு நான்கு விடியல்கள் அதிலேயே போயின. தமிழ்99 விசைப்பலகை பழகப் பத்து நாள் ஆகும். பழகிவிட்டால் கை தானாக ஓடும்.

5. பொழுதுபோக்கைக் கதைக்குப் பலி கொடுக்காதீர்கள்

2020இல் ஏரிக்குப் போவதையே நிறுத்தினேன். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் மிச்சம் என்று கணக்கு. மூன்று மாதத்தில் கதைகள் வறண்டுவிட்டன. பேசும் முயல், பேசும் ஆமை, பேசும் முயலின் தம்பி என்று போய்க்கொண்டிருந்தது.

மறுபடி போன முதல் ஞாயிறு முக்குளிப்பான் என்ற குட்டி நீர்ப்பறவையைப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு கைப்பிடிப் பஞ்சு மிதப்பதுபோல் வந்தது. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து கோடு போட்ட ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. தாயோ தகப்பனோ தெரியவில்லை, இரண்டும் அப்படிச் சுமக்கும். தலைகள் உள்ளே போயின, வந்தன. நான் நோட்டை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஞாயிறு சமையலை முடித்துவிட்டுத்தான் எழுதினேன். இதழில் வெளியான என் முதல் கதை அதுதான்.

ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறேன்: பொழுதுபோக்குக்குப் போகும்போது கதைக்காகப் போவதில்லை. ஏரிக்கரையில் நின்று "இதை எப்படிக் கதையாக்கலாம்" என்று யோசித்தால் ஏரியும் இல்லை, கதையும் இல்லை. இன்னொன்று, தெரிந்த துறை என்ற தைரியத்தில் சரிபார்க்காமல் விடாதீர்கள். கூழைக்கடா தன் தொங்கு பையில் மீனைச் சேமித்துக் கூட்டுக்குக் கொண்டுபோவதாக எழுதியிருந்தேன். ஓர் ஆசிரியர் குழுவினர் திருப்பி அனுப்பினார்கள். பை மீனை அள்ளும் வலை மட்டுமே; தண்ணீரை வடித்துவிட்டு மீனை விழுங்கிவிடும். ஐந்து வருடமாகக் கூழைக்கடா பார்க்கிறவளுக்கு இது தெரியவில்லை என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

6. பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள், அவர்களைப் பற்றி எழுதியதைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்

சொந்தப் பிள்ளை நல்ல வாசகர் அல்ல. நம்மைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். வாசிக்கும்போது கையைப் பாருங்கள். என் மகள் சலிப்பு வந்தால் முழங்காலில் உள்ள புண் பொருக்கைச் சுரண்டத் தொடங்குவாள். சுரண்டத் தொடங்கிய வரியில் பென்சிலால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகள் பொய் சொன்னதே இல்லை. முடிந்தால் அண்டை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் செய்த பெரிய தவறு. மகன் சின்ன வயதில் படுக்கையை நனைத்ததை வைத்து ஒரு நகைச்சுவைக் கதை எழுதினேன். பெயரை மாற்றியிருந்தேன். ஆனால் அந்தக் கதைப் பையனுக்கும் ஒரு பச்சை யானைப் போர்வை இருந்தது. கதை வெளியான வாரம் எங்கள் வீட்டுக்கு விளையாட வந்த வகுப்புத் தோழன் கொடியில் காயும் போர்வையைப் பார்த்துவிட்டான். மகன் என்னிடம் சண்டை போடவில்லை. நான் எழுத உட்கார்ந்தால் அறையை விட்டு எழுந்து போனான், இரண்டு மாதம். இப்போது வீட்டில் நடந்ததை எழுதினால், வெளியே அனுப்பும் முன் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் "வேண்டாம்" என்றால் அது நோட்டிலேயே கிடக்கும். அப்படிக் கிடப்பவை இப்போது ஐந்து. அவற்றில் ஒன்று மிக நல்ல கதை.

7. அனுப்புவதற்கென்று மாதத்தில் ஒரு நாள்

எழுதும் நேரத்தில் அனுப்பும் வேலையைச் செய்யாதீர்கள். நான் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் வைத்திருக்கிறேன்.

முதலில் இதழ்கள், பிறகு புத்தகம் என்ற வரிசை நல்லது. தினமலரின் சிறுவர்மலர், தினமணியின் சிறுவர்மணி, இந்து தமிழ் திசையின் மாயாபஜார், அறிவியல் சார்ந்தது என்றால் துளிர் என்று இடங்கள் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் அந்த இதழின் அண்மைய நான்கைந்து பிரதிகளைப் படியுங்கள். கதை எவ்வளவு நீளம் வருகிறது, எந்த வயதுக்கு எழுதுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பதிவேடு கட்டாயம். ஐந்து கட்டம்: கதைப் பெயர், எங்கே, அனுப்பிய தேதி, பதில், நினைவூட்டும் தேதி. பதில் வராவிட்டால் நான் இரண்டு மாதம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புவேன். மேலும் ஒரு மாதம் பொறுத்து, கதையைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிவிட்டு வேறு இடம். அந்த இரண்டு வரியை எழுதாமல் ஒரே கதையை இரண்டு இதழுக்கு அனுப்பி, இரண்டிலும் வந்துவிட்டால், அதன் பிறகு இருவருமே உங்கள் மின்னஞ்சலைத் திறக்க மாட்டார்கள். இன்னும் சிலர் தபாலில் கேட்கிறார்கள். பழைய குறிப்புகளைப் பார்த்துவிட்டுப் பதிவுத் தபால் கேட்காதீர்கள். 2025இல் அதை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள்.

ஸ்டோரிவீவர் போன்ற திறந்த தளங்களில் யாருக்காகவும் காத்திருக்காமல் நீங்களே வெளியிடலாம். வாசகர்கள் கிடைப்பார்கள், பிற மொழிகளுக்கும் போகும். ஆனால் அங்கே கதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிறது: உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். கொடுத்த உரிமத்தைப் பிறகு திரும்ப வாங்க முடியாது. புத்தகத்துக்கென்று வைத்திருக்கும் கதையை அங்கே போடாதீர்கள்.

8. கையெழுத்துப் போடும் முன்

இந்தப் படிக்காகத்தான் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

பதிப்பகத்திலிருந்து "உங்கள் கதைகளைப் போடுகிறோம்" என்று தொலைபேசி வந்ததும் தலை கிறுகிறுக்கும். எனக்கு வந்தது ஒரு பக்கக் கடிதம். "அனைத்து உரிமைகளையும் வழங்குகிறேன்" என்று ஒரு வரி. காலம் இல்லை, இடம் இல்லை, தொகை இல்லை. மாதம் முழுவதும் அலுவலகத்தில் மற்றவர்களின் ஒப்பந்தங்களில் பிழை கண்டுபிடிக்கிற நான் ஐந்து நிமிடத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். இரண்டு ஆண்டுகள் புத்தகம் வரவில்லை. வேறு இடத்தில் கொடுக்கலாமா என்றும் தெரியவில்லை.

பிறகுதான் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்தேன். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று சொல்லப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, அது காலாவதி ஆகிவிடும். இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது. அதைச் சுட்டி ஒரு கடிதம் எழுதினேன். கதைகள் திரும்பி வந்தன.

ஆகவே ஒப்பந்தத்தில் பாருங்கள்: அச்சு நூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, பாடநூலில் சேர்ப்பது ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா? எத்தனை மாதத்துக்குள் வெளியிடுவார்கள்? உரிமத்தொகை (ராயல்டி) விலையில் எத்தனை சதவீதம், ஆண்டில் எந்த மாதம் கணக்கு வரும்? உங்களுக்கு இலவசப் பிரதிகள் எத்தனை? ஓவியருக்கு யார் பணம் தருவது? படங்களின் பதிப்புரிமை தனி; கதை உங்களுடையது என்பதால் படத்தை நீங்கள் நினைத்த இடத்திலெல்லாம் அச்சிட முடியாது.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: பான் அட்டை நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம், ஐம்பது சொல்லில் உங்களைப் பற்றிய குறிப்பு, கதை சொந்தப் படைப்பு என்ற உறுதிமொழி, கதைகளின் ஒருங்குறிக் கோப்பு. புனைபெயரில் எழுதுபவர்கள் இதைக் கவனியுங்கள். எனக்கு வந்த முதல் காசோலை புனைபெயரில் இருந்தது. வங்கியில் வாங்கவில்லை. திருப்பி அனுப்பச் சங்கடப்பட்டு, புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். காசோலையின் ஆயுள் மூன்று மாதம். அந்த 400 ரூபாய் இன்னும் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. உறுதிமொழிக் கடிதத்திலேயே "புனைபெயர் இது, பணம் இந்தப் பெயரில்" என்று எழுதிவிடுங்கள்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிய விரும்பினால் 14ஆம் படிவம், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். ஆட்சேபத்துக்கு 30 நாள் ஒதுக்கிய பிறகே பரிசீலனை தொடங்கும். ஒற்றைக் கதைக்கு இது வீண் செலவு என்பது என் கருத்து. சொந்தமாக வெளியிடுபவர்களுக்கு நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாறாதீர்கள். அப்படி வெளியிட்டால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் கடமையும் உங்கள் தலையில் வரும்.

9. மெய்ப்பு வரும் நாளுக்கு விடுப்பைச் சேமியுங்கள்

ஆண்டு முழுவதும் அசையாமல் கிடக்கும் புத்தகம், கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பு திடீரென்று உயிர்பெறும். சென்னைப் புத்தகக் காட்சிக்காக டிசம்பரில், ஈரோடு புத்தகத் திருவிழாவுக்காக ஜூலையில். மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் நாம் பிழை பார்க்கும் படி, வந்தால் இரண்டு நாளில் திருப்பிக் கேட்பார்கள். எனக்கு டிசம்பர் 28ஆம் தேதி வந்தது. ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்குக் கடைசி நாள் 31. இப்போது அந்த இரு மாதங்களுக்கும் இரண்டிரண்டு நாள் விடுப்பை வேறெதற்கும் தொடாமல் வைக்கிறேன்.

பதிப்பகத்தார் பக்கங்களைப் பாரக் கணக்கில்தான் பார்ப்பார்கள். ஒரு பாரம் என்பது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம். உங்கள் கதைகள் 51 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அதுவும் கடைசி நாளில். எந்தக் கதையை எடுத்தால் நோகாது என்று முன்பே முடிவு செய்து வைத்திருங்கள்.

10. பணம்: முழு உண்மை

2023ஆம் ஆண்டின் என் கணக்கு இது. செலவு: வாசிக்க வாங்கிய சிறார் நூல்கள் 2,600 ரூபாய், அச்சும் நகலும் 480, தபால் 330, பயணம் 1,150. மொத்தம் 4,560. வரவு: இரண்டு இதழ்க் கதைகளுக்கு 1,100, புத்தகம் 312 பிரதி விற்று, 60 ரூபாய் விலையில் 10 சதவீதமாக 1,872. மொத்தம் 2,972. நஷ்டம் 1,588. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பத்தியைத்தான் அனுப்புகிறேன்.

வருமானம் எவ்வளவு சிறியதானாலும் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு நூல் உரிமத்தொகையில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. பாடநூலும் இதழில் வந்த கதையும் இதில் சேரா. பதிப்பகத்திடமிருந்து அதற்கான சான்றுப் படிவம் வாங்க வேண்டும். மே மாதமே கேளுங்கள், ஜூலையில் கேட்டால் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். பான் எண் கொடுக்காமல் விட்டால் வரி பிடிக்க நேரும்போது 20 சதவீதம் போய்விடும்.

11. பள்ளிகள் அழைக்கும்போது

புத்தகம் வந்துவிட்டால் நூலக நாள், ஆண்டு விழா, குழந்தைகள் தினம் என்று அழைப்பு வரும். மறுக்க மனம் வராது, பிள்ளைகளாயிற்றே. ஆனால் ஓர் அழைப்பு என்பது அரை நாள் விடுப்பு, பஸ் செலவு, அன்றைய விடியல் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. நான் காலாண்டுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். பயணச் செலவைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். தேதியை ஒப்புக்கொள்ளும் முன் நேரம், எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "ஒரு வகுப்புதான்" என்று சொல்லி அழைத்து, மைதானத்தில் எழுநூறு பேரை வெயிலில் உட்கார வைத்த அனுபவம் எனக்கு உண்டு. முக்குளிப்பான் கதையை ஒலிபெருக்கியில் சொல்ல முடியாது.

தேதியையும் பார்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை நாட்காட்டியைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டு, கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் மாலை ஐந்து மணி வரை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தேன். ஒரு சிறுமி, குஞ்சு முதுகில் இருக்கும்போது அம்மா முங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லவே இருபது நிமிடம் ஆயிற்று. பஸ் பிடித்துப் பெருந்துறை அலுவலகத்துக்குத் திரும்பியபோது இரவு எட்டு. அன்று 20ஆம் தேதி. 3பியை 11.40க்குத் தாக்கல் செய்தேன். தாமதமாகியிருந்தால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், ஏறக்குறைய எட்டு புத்தகம் விற்றால் வரும் தொகை.